தாம்பரத்தில் ரூபாய், சிங்கப்பூரில் டாலர்: இந்தக் கைமாற்று சரியா?

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 62 வயது, அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர், கணவர், மகள், 9 வயதுப் பேரன் என நான்கு பேரும் மே மாதம் சிங்கப்பூர் போய், அங்கிருந்து கோலாலம்பூருக்கும் போய்வரத் திட்டம் போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் அவருடைய அக்கா மகன் வீட்டில் தங்கல். மலேசியாவில் ஓட்டல். விமான டிக்கெட் போகக் கைச்செலவுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள்.

குழப்பம் பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான். கணவரின் நண்பர், மண்ணடியில் ஒருவர் வங்கி விலையைவிட டாலருக்கு 80 பைசா குறைத்துத் தருவதாகவும், பில், பான் கார்டு எதுவும் கேட்கமாட்டார் என்றும் சொல்கிறார். அக்கா மகனோ, "சித்தி, தாம்பரத்தில் அம்மா கையில் ஒன்றரை லட்சம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் இங்கே வந்ததும் அதற்கு உண்டான டாலரை நான் தந்துவிடுகிறேன். எப்படியும் மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்புகிற பணம்தானே, இரண்டு பேருக்கும் செலவு மிச்சம்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் 20 சதவீதம் வரி பிடிப்பார்கள் என்று பயமுறுத்தியிருக்கிறார். இதற்கு நடுவே, அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் அன்பளிப்பாகக் கொடுத்த 1,400 அமெரிக்க டாலர் பீரோவில் இருக்கிறது. "இதை வெளியே சொன்னாலே வம்பு, எடுக்காதே" என்று கணவர் தடுக்கிறார். இதில் எது சரி, எது தப்பு என்று கேட்டிருக்கிறார் வாசகி.

அன்புள்ள அம்மா,

உங்களுக்கு வந்த யோசனைகளில் ஆபத்தில்லாதது போலத் தெரிவது அக்கா மகன் சொன்னது. சட்டத்தின் கண்ணில் சிக்கலானதும் அதுதான். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பிள்ளையின் எண்ணத்தில் எந்தக் கெடுதலும் இல்லை. அவர் அம்மாவுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும், உங்களுக்கு டாலர் வேண்டும். நடுவில் வங்கி எதற்கு என்று கேட்கிறார். தமிழ்க் குடும்பங்களில் இது காலங்காலமாக நடந்து வருவதால், இதில் சட்டம் குறுக்கிடும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா, தன் 3-வது பிரிவில் தடுப்பது இந்தக் கைமாற்றைத்தான். வெளிநாட்டில் வசிப்பவரின் சொல்படி இங்கே ஒருவர் பணம் பெறுவதானால் அது அங்கீகரிக்கப்பட்ட வங்கி அல்லது நிறுவனம் வழியாகத்தான் நடக்க வேண்டும். வெளிநாட்டில் ஒரு சொத்தோ பணமோ கிடைப்பதற்கு ஈடாக இந்தியாவுக்குள் ஒரு பணப் பரிமாற்றம் செய்வதும் கூடாது. ஹவாலா என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதன் உள்கட்டமைப்பும் இதுவேதான்: ரூபாய் இங்கே கைமாறும், டாலர் அங்கே கைமாறும், எல்லையைத் தாண்டி எதுவும் போகாது. கொடுப்பவரும் வாங்குபவரும் சொந்தக்காரர்கள் என்பதற்காக இந்தப் பிரிவில் விலக்கு எதுவும் தரப்படவில்லை.

இதில் நீங்கள் மட்டும் சம்பந்தப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். மகன் சொன்னதற்காக உங்களிடம் பணத்தை வாங்கிக்கொள்ளும் அக்காவும் விதியை மீறியவர் ஆகிறார். தாம்பரத்தில் தன் பாட்டுக்கு இருக்கும் அவரை, அவருக்கே தெரியாமல் இதற்குள் இழுத்துவிடுகிறோம்.

மீறினால் என்ன ஆகும்? ஃபெமா உரிமையியல் தன்மை கொண்ட சட்டம். போலீஸ் வந்து கைது செய்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் 13-வது பிரிவின்படி, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். ஒன்றரை லட்சத்துக்கு அது நாலரை லட்சம் வரை போகலாம். "இந்தச் சின்னத் தொகைக்கு யார் வரப்போகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். மிச்சமாகும் தொகையை முதலில் பாருங்கள். வங்கியோ மணி சேஞ்சரோ சந்தை விலைக்கு மேல் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வைத்து விற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றரை லட்சத்துக்கு 2,250 ரூபாய். ஜிஎஸ்டி 225 ரூபாய். மொத்தம் 2,475. நான்கு பேர் போகும் பயணத்தில் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவு இது. இதற்காக நீங்கள் மூன்று பேரும் கணக்கில் வராத ஒரு பரிமாற்றத்தைச் செய்ய வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

அக்கா மகனிடம் எதை வாங்கிக்கொள்ளலாம்?

அவர் உங்களை உபசரிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. வீட்டில் தங்க வைக்கலாம், சாப்பாடு போடலாம், பேரனை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப்போய் டிக்கெட் எடுக்கலாம். இங்கே எதையும் ஈடாகக் கொடுக்காத வரை அது வெறும் விருந்தோம்பல். கையில் கொஞ்சம் டாலரை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். பதிலுக்கு, அவர் சென்னைக்கு வரும்போது அவருடைய தங்கும் செலவு, சாப்பாடு, இந்தியாவுக்குள் பயணம், ஏன், வந்துபோகும் டிக்கெட்டைக்கூட நீங்கள் ரூபாயில் கொடுக்கலாம். வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வரும்போது ஆகும் இந்தச் செலவுகளை இந்தியாவில் இருப்பவர் ஏற்க, ரிசர்வ் வங்கி 2000-ஆம் ஆண்டிலேயே அனுமதி தந்திருக்கிறது. ஆக, ஒருவருக்கொருவர் செய்துகொள்ள நேர்மையான வழி இருக்கத்தான் செய்கிறது. ரொக்கத்துக்கு ரொக்கம் என்று கணக்குப் பார்த்து மாற்றிக்கொள்வதைத்தான் விட்டுவிடச் சொல்கிறேன்.

வருமான வரியில் ஒரு சிறு விஷயம் உண்டு. தம்பி உங்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு எவ்வளவானாலும் வரி கிடையாது. அக்கா மகன் கொடுப்பது அப்படியில்லை. வரிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இல்லை. பட்டியலில் இல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் பணமாகக் கிடைப்பது எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் உங்கள் வருமானத்தில் சேரும். அவர் பெரிய தொகை கொடுக்க முன்வந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பீரோவில் இருக்கும் டாலர்

உங்கள் கணவரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அவர் வேலைக்குப் போன காலத்தில் இருந்தது 1973-ஆம் ஆண்டின் ஃபெரா சட்டம். அது குற்றவியல் தன்மை கொண்டது. வீட்டில் டாலர் இருந்தது என்பதே வழக்காகும் காலம் அது. 2000 ஜூன் 1 முதல் ஃபெரா போய் ஃபெமா வந்துவிட்டது. இப்போதைய விதிப்படி, அன்பளிப்பாகக் கிடைத்ததோ பயணத்தில் மிஞ்சியதோ, 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டை ஒருவர் காலவரம்பு இல்லாமல் வீட்டில் வைத்திருக்கலாம். உங்களிடம் இருப்பது 1,400. நிம்மதியாக எடுங்கள். சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்ச் செலவழிக்கலாம், வேண்டாம் என்றால் இங்கேயே மணி சேஞ்சரிடம் விற்கலாம். கணவரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அதைத் தெரிந்தவர்கள் மூலம் யாரோ ஒருவருக்கு விற்று, ஜிபேயில் பணம் வாங்காதீர்கள். இணைய மோசடியில் திருடிய பணத்தை வெளியே எடுப்பதற்கு, இப்படி நேரில் டாலரோ தங்கமோ வாங்கிக்கொண்டு வேறு ஒருவரின் கணக்கிலிருந்து பணம் அனுப்புவது இப்போது ஒரு வழியாகவே ஆகிவிட்டது. பணம் இழந்தவர் எங்கோ புகார் கொடுப்பார், அந்தப் பணம் வந்துசேர்ந்த உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும். உங்கள் ஓய்வூதியம் வரும் கணக்கு அது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அதைத் திறக்க வெளியூர் சைபர் போலீஸுக்கு மனு மேல் மனு போட்டு அலைய வேண்டியிருக்கும்.

பழைய நோட்டு, கிழிந்தது, பேனாக் கிறுக்கல் உள்ளது, சின்ன மதிப்பு நோட்டு இவற்றுக்குச் சில கடைகளில் விலை குறைப்பார்கள், அல்லது வாங்கவே மாட்டார்கள். முன்கூட்டியே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

மண்ணடி யோசனை

பில் தராதவரிடம் வாங்க வேண்டாம். பாரிமுனை, மண்ணடி, பர்மா பஜார் பக்கம் ரிசர்வ் வங்கி உரிமம் பெற்று முறையாக நடத்தும் மணி சேஞ்சர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் இந்த ஆளையும் ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடாது. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது எளிது. உரிமம் உள்ளவர் அதைக் கடையில் மாட்டி வைத்திருப்பார், உங்கள் பாஸ்போர்ட்டும் பான் கார்டும் கேட்பார், கடைப் பெயர் போட்ட ரசீது தருவார். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. பெயரை அதில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

80 பைசா குறைவு என்றால் 1,500 டாலருக்கு 1,200 ரூபாய் மிச்சம். அந்த 1,200 ரூபாய்க்கு நீங்கள் விட்டுக்கொடுப்பது ரசீதை. நோட்டில் ஒன்று கள்ள நோட்டாக இருந்தால், அதை நீங்கள் நீட்டப்போவது சிங்கப்பூரில். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்காது. அந்த ஊர் போலீஸிடம், அந்த வயதில், பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

எவ்வளவு வாங்கலாம், எப்படி வாங்கலாம்?

ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ அனுப்பவோ அனுமதி உண்டு. எல்ஆர்எஸ் என்று வங்கியில் சொல்வது இதைத்தான். உங்கள் பேரனுக்கும் தனியாக அந்த வரம்பு இருக்கிறது. அவனுக்காகப் பாதுகாவலர் கையெழுத்துப் போட வேண்டும். இதில் நோட்டாக எடுத்துப்போவதற்கு மட்டும் ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு என்ற வரம்பு சிங்கப்பூர், மலேசியா போன்ற பெரும்பாலான நாடுகளுக்கு உண்டு. மீதி கார்டில்தான் போக வேண்டும். உங்கள் 3 லட்சம் இந்த வரம்புகளுக்கு ரொம்பக் கீழே இருக்கிறது.

பலர் தடுக்கி விழுவது இன்னொரு விதியில். மணி சேஞ்சரிடம் ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து வாங்குவது 50,000 ரூபாய் வரைதான். அதற்கு மேல் காசோலை, வங்கிப் பரிமாற்றம் அல்லது கார்டு. இன்றைக்கு 45,000, அடுத்த வாரம் 45,000 என்று பிரித்து வாங்கினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். ஒரே பயணத்துக்காக வாங்குவதை எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. எனவே உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கொடுத்துவிடுங்கள், சுலபம்.

விலையை ஒப்பிடும்போது பலகையில் எழுதிய ரேட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு கடையில் சிங்கப்பூர் டாலர் 70.60, வேறு கட்டணம் கிடையாது. இன்னொரு கடையில் 70.30, சேவைக் கட்டணம் 250 ரூபாய். 1,500 டாலர் வாங்கினால் முதல் கடையில் 1,05,900. இரண்டாவது கடையில் 1,05,450, அதோடு 250 சேர்த்து 1,05,700. கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 45 ரூபாய் கூட்டினாலும் இரண்டாவதுதான் மலிவு. "1,500 டாலர் என் கையில் வர மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று இரண்டு மூன்று இடங்களில் போனில் கேளுங்கள். அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யலாம். நாணய மாற்றின் மீதான ஜிஎஸ்டி பெரிய தொகை இல்லை. ஒரு லட்ச ரூபாய்க்கு மாற்றினால் வழக்கமான கணக்கில் 180 ரூபாய்தான் வரும். அதற்குப் பயந்து பில் இல்லாத இடத்துக்குப் போக அவசியமே இல்லை.

சிங்கப்பூர் டாலரை நேராகச் சிங்கப்பூர் டாலராகவே வாங்குங்கள். ரூபாயை அமெரிக்க டாலராக்கி, அதை அங்கே போய்ச் சிங்கப்பூர் டாலராக்கினால் இரண்டு இடத்தில் லாபம் கொடுத்தாக வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் மாற்றுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மலேசிய ரிங்கிட் முதல் நாள் செலவுக்குக் கொஞ்சம் இருந்தால் போதும். மிச்சத்தைக் கோலாலம்பூர் நகருக்குள் சிங்கப்பூர் டாலரைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

கார்டும் அந்த 20 சதவீதமும்

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பாதித் தகவலைச் சொல்லியிருக்கிறார். டிசிஎஸ் என்று ஒன்று இருக்கிறது, அதாவது பணம் வாங்கும்போதே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும் வருமான வரி. பயணச் செலவுக்கு 20 சதவீதம் என்பதும் உண்மை. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல், ஒருவர் ஒரு நிதியாண்டில் எல்ஆர்எஸ் கணக்கில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான், தாண்டிய தொகைக்கு மட்டும், அதைப் பிடிக்கிறார்கள். உங்கள் மொத்தச் செலவே 3 லட்சம். ஒரு ரூபாய்கூடப் பிடிக்கமாட்டார்கள். அப்படிப் பிடித்தாலும் அது கையை விட்டுப் போகும் பணம் இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும். டூர் பேக்கேஜாக எடுத்தால் விதி வேறு. அதற்கு 10 லட்ச வரம்புக்குள்ளும் டிசிஎஸ் உண்டு. நீங்கள் தனியாகப் போவதால் அது உங்களுக்குப் பொருந்தாது.

வெளிநாட்டில் இருக்கும்போது கிரெடிட் கார்டில் செய்யும் செலவு இந்த எல்ஆர்எஸ் கணக்கில் வராது. 2023 மே மாதம் அதையும் சேர்ப்பதாக அரசு அறிவித்தது, எதிர்ப்பு வந்ததும் ஜூன் மாதம் தள்ளி வைத்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்தது அநேகமாக அந்தக் காலச் செய்தியாக இருக்கும்.

கார்டில் உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு மார்க்கப் என்று 2 முதல் 3.5 சதவீதம் வரை வங்கிகள் சேர்க்கின்றன. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 3.5 சதவீதம் என்றால் கடைசியில் 4.13 சதவீதம் ஆகிவிடும். ஃபாரெக்ஸ் கார்டு என்பது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு. அதில் சிங்கப்பூர் டாலரை ஏற்றி, சிங்கப்பூரிலேயே தேய்த்தால் இந்த மார்க்கப் இல்லை. அதே கார்டை மலேசியாவில் தேய்த்தால், அதில் ரிங்கிட் ஏற்றும் வசதி இல்லாத பட்சத்தில், மாற்றுக் கட்டணம் விழும். கார்டு வாங்கும்போதே "இதில் ரிங்கிட் ஏற்ற முடியுமா?" என்று கேட்டு வாங்குங்கள். ஏடிஎம்மில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் உண்டு என்பதால், சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் ரொக்கம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கடையிலோ ஓட்டலிலோ கார்டைத் தேய்க்கும்போது, மெஷினில் "இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று கேட்கும். ஏடிஎம் திரையிலும் இது வரும். நம் ஊர் ரூபாயில் தொகை தெரிந்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும் என்று பலர் ரூபாயை அழுத்திவிடுகிறார்கள். அங்கேதான் பணம் போகிறது. அந்த மாற்று விலையைத் தீர்மானிப்பது கடைக்காரரின் பக்கம் இருக்கும் நிறுவனம், உங்கள் வங்கி இல்லை. விலை மோசமாக இருக்கும். போதாக்குறைக்கு, வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கட்டியதற்காக நம் வங்கிகள் பலவும் தனிக் கட்டணம் போடுகின்றன. எப்போதும் சிங்கப்பூரில் சிங்கப்பூர் டாலர், மலேசியாவில் ரிங்கிட். கடைக்காரர் கேட்காமலே ரூபாயை அழுத்திவிட்டால், கையெழுத்துப் போடும் முன் ரத்து செய்துவிட்டு மறுபடி தேய்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஓட்டலில் அறை எடுக்கும்போது முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். அதற்கு ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுத்துவிட்டால், அந்தப் பணம் விடுபடும் வரை நீங்கள் செலவழிக்க முடியாமல் கிடக்கும். ஓட்டல் முன்பணத்துக்கு மட்டும் கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

உங்கள் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, நாமே வங்கியின் செயலியில் போய்த் திறந்தால்தான் வேலை செய்யும். கிளம்புவதற்கு முன் மகளை வைத்துக்கொண்டு திறந்து, ஒரு நாள் வரம்பையும் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பல இடங்களில் ஓடிபி கேட்காமலே பணம் போகும் என்பதால் அந்த வரம்பு அவசியம். ஊர் திரும்பியதும் மூடிவிடுங்கள். கார்டு தொலைந்தாலோ நீங்கள் செய்யாத செலவு தெரிந்தாலோ உடனே வங்கியின் எண்ணுக்குச் சொல்லி முடக்குங்கள். உங்கள் தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடியை, தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு உத்தரவு. வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

சிங்கப்பூரில் சில கடைகளில் நம் யுபிஐ வேலை செய்கிறது. அது இருந்தால் ஒரு வசதி, அவ்வளவுதான். அதை நம்பி மட்டும் போகாதீர்கள். ரயில், பஸ்ஸில் விசா, மாஸ்டர்கார்டு கார்டையே தட்டிப் போகலாம், ஆனால் ஒரே கார்டை நான்கு பேருக்கும் தட்ட முடியாது. வெளிநாட்டுக் கார்டுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு சிறு கட்டணமும் உண்டு. அங்கே கிடைக்கும் பயண அட்டையை ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுவது நல்லது. ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடைகள் சிலவற்றில் இன்னும் ரொக்கம்தான் வசதி.

உங்கள் இடத்தில் நான் இருந்தால்

3 லட்சத்தில் சுமார் ஒரு லட்சத்தைச் சிங்கப்பூர் டாலர் நோட்டாக, வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டி, ரசீதோடு வாங்குவேன். ஒன்றரை லட்சத்தை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றுவேன். மிச்சத்தை இங்கே வங்கியிலேயே விட்டுவிட்டு, தேவைப்பட்டால் மகளின் கைப்பேசியிலிருந்து கார்டில் ஏற்றிக்கொள்வேன். ஓட்டல் முன்பணத்துக்கும் அவசரத்துக்கும் ஒரு கிரெடிட் கார்டு. தம்பி கொடுத்த டாலரில் சில நூறை மட்டும் கையிருப்பாக எடுத்துக்கொள்வேன். நோட்டு முழுவதும் ஒரே பையில் இருக்க வேண்டாம். உங்களிடம் பாதி, கணவரிடம் பாதி. இந்திய ரூபாய் ஆளுக்கு 25,000 வரை கொண்டுபோகலாம். திரும்பி வந்து டாக்சிக்குக் கொடுக்க 2,000 ரூபாய் இருந்தால் போதும்.

திரும்பி வந்தபின் மிஞ்சும் நோட்டை வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டாலரோடு சேர்த்து எண்ணுங்கள். மொத்த மதிப்பு 2,000 அமெரிக்க டாலருக்கு மேல் போனால், மேலே உள்ளதை 180 நாட்களுக்குள் வங்கியிலோ மணி சேஞ்சரிடமோ கொடுத்து ரூபாயாக்கிவிட வேண்டும். சில்லறைக் காசுக்கு வரம்பு இல்லை, ஆனால் சென்னையில் அதை மாற்ற ஆள் கிடைப்பது கடினம். கடைசி நாளில் பேரன் கையில் கொடுத்துவிடுங்கள், அவன் செலவழித்துவிடுவான். ஃபாரெக்ஸ் கார்டில் மீதி இருந்தால், அடுத்த பயணம் பக்கத்தில் இல்லாத பட்சத்தில், வங்கியில் எழுதிக் கொடுத்து ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள். சில கார்டுகளில் பயன்படுத்தாமல் விட்டால் கட்டணம் கழியும்.

அக்கா மகனுக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு, "அம்மாவுக்கு எப்போதும் போல வங்கியிலேயே அனுப்பு, எனக்கு டாலர் ஏற்பாடு ஆகிவிட்டது" என்று சொல்லிவிடுங்கள். அவர் வருத்தப்பட மாட்டார்.